கள்ளப் பிரதியில் கேட்ட குரல்

ஆந்திராவில், திருப்பதி பக்கத்துப் புத்தூரில் ஒரு தியேட்டருக்கு நான் மேனேஜர். தமிழும் தெலுங்கும் மாறி மாறி ஓடும். பெரிய படம் வந்தால் திருப்பதியில் டிக்கெட் கிடைக்காதவர்கள் பஸ் பிடித்து எங்களிடம் வந்துவிடுவார்கள். எனக்கு முன்கோபம் அதிகம். அதிலும் படம் ஓடும்போது எவனாவது செல்போனைத் தூக்கிப் பிடித்தால் எனக்குக் கண்மண் தெரியாது.

வாசலிலேயே ஒவ்வொரு போனின் கேமரா மேலும் ஸ்டிக்கர் ஒட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான்தான். ஏர்போர்ட்டுக்கா வந்திருக்கிறோம் என்று கேலி செய்வார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் பாதிப் பேர் அதை நகத்தால் பிய்த்துச் சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுவார்கள். அதனால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நானே நடப்பேன். அந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை.

ஊரில் இதை ஒரு குற்றமாக நினைக்கிறவர்கள் கிடையாது. முடிவெட்டப் போனால், கடைக்காரர் கண்ணாடி ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்து, முந்தின நாள் ரிலீசான படத்தைப் பார்த்துக்கொண்டே என் கழுத்தில் கத்தியை வைப்பார். என் சொந்த மச்சான், ஒரு கல்யாணப் பந்தியில் என்னிடமே லிங்க் கேட்டார். திருட்டுப் பொருளுக்கு அலைகிறாயே, வெட்கமாக இல்லையா என்று சத்தம் போட்டேன்.

"நா இன்னா ஊடு பூந்து எடுத்தனா? அதுவா போனுக்கு வருது, பாக்கறேன்" என்றார்.

பந்தியில் இருந்த அத்தனை பேரும் அவர் பக்கம்தான். கோடிகளில் வாங்குகிற நடிகனுக்கு இதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்கள். குறைவது எங்களுக்கு என்றேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது, யாரும் காதில் வாங்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு பெரிய தமிழ்ப் படம் போட்டோம். முதல் நாள் சாயங்காலமே அதன் கள்ளப் பிரதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எந்தத் தியேட்டர்க்காரன் கோட்டை விட்டானோ என்று நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே படக் கம்பெனி சார்பில் மும்பையிலிருந்து ஓர் அதிகாரி வந்து என் அறையில் உட்கார்ந்தார். படத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று போட்டிருப்பார்கள். எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அது எங்கள் தியேட்டரைக் காட்டியது. முதல் நாள், மதியக் காட்சி.

எனக்கு அவமானமாக இருந்தது. ஆளைப் பிடித்துக் கொடுக்காமல் விடமாட்டேன் என்று அவரிடம் வீறாப்பாகச் சொன்னேன். அறையில் படம் ஓட்டும் எங்கள் ஆபரேட்டரும், உள்ளூர் ஸ்டேஷன் கான்ஸ்டபிளும் இருந்தார்கள். இருவரும் என்னைப் போலவே நகரி பக்கத்துத் தமிழர்கள். பிடிபடுகிறவர் ஜெயிலுக்குப் போகவேண்டியிருக்கும் என்று அதிகாரி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார்.

படம் ஓடியது. ஓரிடத்தில், கேமராவுக்கு மிக அருகில், ஒரு பெண்ணின் குரல் கிசுகிசுத்தது.

"இருடீ, நைனா வந்துகினு கீறாரு."

உடனே திரை இருண்டது. இருட்டில் டார்ச் வெளிச்சம் ஒன்று குறுக்கே போனது. வேறு யாரையோ, போனை உள்ளே வைக்கச் சொல்லி ஓர் ஆள் அதட்டினான். அது நான். சற்று நேரத்தில் படம் மறுபடி தெரிந்தது.

டார்ச்சோடு நடக்கிறவன் நான் ஒருவன்தான். என்னை நைனா என்று கூப்பிட ஒரே ஒரு பெண்தான் இருக்கிறாள். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருஷம் படிக்கிறாள். அன்றைக்குத் தோழிகளோடு படம் பார்க்க வந்திருந்தாள். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை உறுதியாகி, ஆர்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஆபரேட்டர் தரையைப் பார்த்தார். கான்ஸ்டபிள் ஜன்னலைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் அப்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

அதிகாரிக்குத் தெரியவில்லை. யார் இந்த நைனா என்று கேட்டார். இந்தியில் அது பெண்ணின் பெயராம். கூட வந்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாமல் போனதற்காக நான் மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

அவர் விடுவதாக இல்லை. லேப்டாப்பில் எதையோ தேடிவிட்டு நிமிர்ந்தார். அந்தக் காட்சிக்கு அதே பெயரில் ஒரு பெண் ஆன்லைனில் டிக்கெட் எடுத்திருந்தாள். வடநாட்டுப் பெண், திருப்பதியில் படிக்கிறவள். ஆள் கிடைத்துவிட்டாள், போய் அழைத்து வாருங்கள் என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார்.

கான்ஸ்டபிள் தொப்பியை எடுத்துக்கொண்டு, என்னைக் கடக்கும்போது குனிந்தார்.

"கம்முனு இரு. படம் புடிச்சதெல்லாம் ஒரு தப்பா? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. அவங்கப்பன் வந்து பாத்துக்குவான்."

அவரைக் குறை சொல்லமாட்டேன். என் மகளைக் காப்பாற்றத்தான் நினைத்தார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் எங்கோ வடக்கே ஓர் ஆள் போனை எடுத்து, மகள் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறாள் என்ற செய்தியைக் கேட்கப்போகிறான். பாஷை தெரியாத ஊருக்கு அலறியடித்துக்கொண்டு ஓடிவரப் போகிறான். என் மகள் வாயிலிருந்து வந்த வார்த்தைக்காக, யாரோ பெற்ற பெண் ஸ்டேஷனில் உட்கார்ந்து அழவேண்டுமா? எனக்கு என் மகள் மேல் கோபம், கான்ஸ்டபிள் மேல் கோபம், என் மேலேயே கோபம். அவர் கதவுவரை போய்விட்டார்.

"நில்லு" என்றேன். பிறகு அதிகாரியிடம் திரும்பி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "நைனா பேரு இல்ல சார். ஃபாதர். அதுல டார்ச்சோட வர்ற ஃபாதர் நான்தான்."

ஆபரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி, என் மகளை அழைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போனை எடுத்தேன். இரண்டு முறை தவறான எண்ணைத் தொட்டேன். எடுக்காமல் இருக்கமாட்டாளா என்றுகூட வேண்டிக்கொண்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லு நைனா. சோறு துன்னியா?"

அதிகாரி லேப்டாப்பை மூடினார். அதே குரல். இனி அவர் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

"துன்னேம்மா" என்றேன்.