என் பெயரில் அப்பா எழுதிய கடிதங்கள்

"இடது கணுக்கால் இப்போது எப்படி இருக்கிறது?" என்று மடிக்கணினித் திரையில் இருந்த பயிற்சியாளர் கேட்டார். அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியின் பெண்கள் ஓட்ட அணி அவர் பொறுப்பில் இருந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. சுவிட்சர்லாந்தில், ரெனானில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு பயிற்சியாளர் கதைக்க விரும்புகிறார் என்று அப்பாதான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார். துன் நகரில் நடந்த போட்டியில் கால் பிசகியதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. முதல் தடவையாகக் கதைக்கும் இந்தப் பெண்மணிக்கு அது எப்படித் தெரிந்தது? நிமிர்ந்து பார்த்தேன். மடிக்கணினிக்குப் பின்னால் நின்ற அப்பா, சத்தமில்லாமல் உதடுகளை அசைத்தார்: "சுகம் எண்டு சொல்லு, பிள்ளை."

நான் எண்ணூறு மீட்டர் ஓடுபவள். ஓட்டத்தைக் கொண்டே அமெரிக்காவில் படிக்க இடம் பெறலாம் என்று கேள்விப்பட்டு, அந்த வருடத் தொடக்கத்தில் ஏழு கல்லூரிகளின் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். எனக்குப் பிரெஞ்சுதான் சரளம். ஆங்கிலத்துக்கு யாழ்ப்பாணத்தில் படித்த அப்பாவைத்தான் பிடித்தேன். மின்னஞ்சல் கணக்கைத் திறந்து தந்ததும் அவர்தான். இரண்டு மாதங்களாக ஒரு பதிலும் வரவில்லை. அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். அப்பா விடவில்லை என்பது அவர் உதடுகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் பெயரில் தொடர்ந்து எழுதியிருக்கிறார். மூன்று பேர் பதில் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் என் பெயரிலேயே மறுமொழி போயிருக்கிறது.

திரையைப் பார்த்து, "உங்களுக்கு வந்த கடிதங்களை எழுதியது நான் இல்லை, என் அப்பா" என்றேன். பயிற்சியாளர் கோபமில்லாமல்தான் சொன்னார்: "எனக்கு வேண்டியது ஓடுகிறவளின் குரல். விருப்பமிருந்தால் நீயே எழுது." அழைப்பு முடிந்தது.

"எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்கள் அப்பா!" என்று கத்தினேன்.

"மறுமொழி வரேல்லை எண்டு நீ உடைஞ்சு போனாய். ஒண்டு வந்த பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். பிறகு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை" என்றார் அவர். இரண்டு நாட்கள் நான் அவரோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் கடிதங்களை வாசித்தேன். அப்பா லோசானில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தார். வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போய்ப் படுப்பார் என்றே நினைத்திருந்தேன். கடிதங்கள் வேறு கதை சொல்லின. கடைசி இருநூறு மீட்டரில் என் தோள்கள் உயர்ந்துவிடுவது, காற்றடித்தால் நான் தயங்குவது, துன்னில் நொண்டியதை மறைக்க மெதுவாகப் பேருந்து ஏறியது, எல்லாம் அதில் இருந்தன. துன் வரைக்கும்கூட வந்து, மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். ஒரு கடிதத்தில், "இன்று மோசமாக ஓடினேன். காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை" என்று இருந்தது. அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. இன்னொன்றில், "என் அப்பாவுக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று எழுதியிருந்தார். வாசித்துச் சிரித்தேன்; பிறகு அழுதேன்.

அன்று மாலை என் சொந்த ஆங்கிலத்தில் ஆறு வரிகள் எழுதினேன். முந்திய கடிதங்களை எழுதியவர் அப்பா, ஆனால் எழுதியவை உண்மை. கணுக்கால் இன்னும் நோகிறது. போட்டியில் எல்லோருக்கும் முன்னால் ஓடும்போது எனக்குப் பயம். மூன்று பயிற்சியாளர்களுக்கும் அதையே அனுப்ப நினைத்து, முதலில் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"ரெண்டு பிழை இருக்கு."

"திருத்தட்டோ?"

"வேண்டாம். உன்ர பிழைதானே, இருக்கட்டும்."

இருவர் அதன் பிறகு எழுதவே இல்லை. திரையில் பேசிய அந்தப் பெண்மணி பத்து நாள் கழித்து எழுதினார்: முன்னால் ஓடும் பயம் அவருக்கும் இருந்ததாம். அதிலிருந்து அவருக்கு மாதம் ஒருமுறை எழுதினேன். ஓடிய நேரம், பரீட்சை, கணுக்காலுக்குச் செய்த பயிற்சி, தோற்றுப்போன போட்டி என்று எதையும் ஒளிக்கவில்லை. குளிர்காலத்தில் அவர் ஒரு கசப்பான செய்தியை எழுதினார். எனக்கென நினைத்த இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம், உறுதியில்லை. அன்று நிறுத்தியிருக்கலாம். அடுத்த மாதமும் எழுதினேன், அதற்கடுத்த மாதமும். கேட்பதற்கு ஒன்றும் இல்லாதபோது எழுதிய அந்தக் கடிதங்கள்தான் எங்களை நெருக்கமாக்கின என்று இப்போது தோன்றுகிறது. மறுவருடம் இடம் கிடைத்தது.

படித்து முடித்து, இன்று லோசானில் இயன்முறைச் சிகிச்சையாளராக இருக்கிறேன். ஓடுகிற பிள்ளைகளின் பெற்றோர் சிலர், "பயிற்சியாளருக்கு நாங்களே எழுதிவிடட்டோ?" என்று கேட்பார்கள். பிள்ளைதான் எழுதவேண்டும் என்பேன். ஆனால் அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வருவதில்லை.

அமெரிக்காவுக்குப் புறப்பட்ட நாளில் அப்பா விமான நிலையம் வரை வந்தார். பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு முன்னால் என் பையைக் கையில் தந்தார்.

"அந்தப் பயிற்சியாளருக்கு எழுதினது போதும். இனி எனக்கு எழுது."

வாரம் ஒருமுறை எழுதினேன். தோற்ற வாரங்களில் கொஞ்சம் நீளமாக.