கூழ்ப் பானைக்குள் நான் ஊற்றியது

போன வருடக் கோடையில், ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் எங்கள் தேவாலயத் திருநாளன்று நடந்தது. இப்போது நினைத்தாலும் பயம் வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

திருநாள் என்றால் எங்கள் ஆட்களுக்கு பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ் வேண்டும். காய்ச்சுவது ஆண்கள், அவர்களுக்குத் தலைவர் என் கணவர். விடியவே மீன் வாங்கி, கார் டிக்கியில் வைத்துவிட்டுப் பூசைக்குள் போய்விட்டார். பூசையோ நீண்டுகொண்டே போனது, வெளியே கொளுத்தும் வெயில்.

பிறகு வாகனத் தரிப்பிடத்தில் பெரிய பானையில் கூழ் கொதித்து, எல்லோரும் கோப்பையோடு நின்ற நேரத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். இளம் பெண். மிச்ச மீனுக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்துவிட்டு, இது எங்கே இருந்தது என்று கேட்டார். என் கணவர் பெருமையாக டிக்கியைக் காட்டினார்!

அவ்வளவுதான், பானையோடு பறிமுதல். ஒருவரும் எடுத்துச் சாப்பிடாதபடி ஊற்றுவதற்குப் பிளீச் போத்தலையும் மேசையில் வைத்தார்.

இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சுடுகிற பானையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கொதிச்ச கூழிலை என்ன கிருமி? ஒருத்தரும் கிட்ட வரக்குடாது!"

"விடாதை மச்சான்!" என்று நண்பர்கள் வேறு உசுப்பேற்றினார்கள்.

சட்டப்படி எடுப்பதைத் தடுப்பது குற்றம், பொலிஸைக் கூப்பிடப்போகிறேன் என்று பரிசோதகர் கைபேசியை எடுத்தார். அடுத்த கிழமை இவருக்குக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். ஒரு வழக்கு விழுந்தால் இத்தனை வருடக் காத்திருப்பும் போச்சு! பானையை விடச் சொல்லிக் கெஞ்சினேன், இவர் காதில் விழவேயில்லை.

நான் ஊற்றட்டுமா என்று பரிசோதகரிடம் கேட்டேன். அவர் சரியென்று தலையசைத்தார். பிளீச்சை எடுத்துக் கடகடவென்று முழுவதையும் பானைக்குள் கவிழ்த்தேன்.

"நீ ஆற்றை ஆள்? என்ரையோ, அவவின்ரையோ?" என்றார் இவர்.

"உங்கடை ஆள்தான். கையை எடுங்கோ."

எடுத்தார். பரிசோதகரும் கைபேசியைப் பைக்குள் வைத்தார். எல்லோரும் பீட்சா வாங்கிச் சாப்பிட்டோம். இவர் மட்டும் சாப்பிடவில்லை, இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

அடுத்த கிழமை மண்டபத்தில் சத்தியம் செய்ய இவர் வலது கையை உயர்த்தியபோது, பானை சுட்ட தழும்பு உள்ளங்கையில் சிவப்பாகத் தெரிந்தது. இவரும் அதைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆசையாகக் காய்ச்சிய கூழை ஊரார் முன் கெடுத்ததற்காக நான் இன்றுவரை ஒருமுறைகூட வருந்தியதில்லை.