ஆண்டவரை மறித்த ராணியம்மாள்

கருணாபுரம் காலனி ராணியம்மாளுக்குக் கடவுள் இருக்கிறாரா என்ற சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை. இருக்கிறார். பக்கத்து வீட்டுக் கண்ணகியோடு ரொம்ப நெருக்கமாக இருக்கிறார். அதுதான் அவளுடைய பிரச்சினை.

இருவரும் ஒரே ரைஸ்மில் களத்தில் நெல் காயவைக்கும் கூலிகள். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஜெப வீட்டில் ஒரே பாயில் உட்காருவார்கள். ஆராதனை முடிவில் உபதேசியார் தனசேகரன், “சாட்சி சொல்றவங்க சொல்லலாம்” என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் கண்ணகி எழுந்துவிடுவாள். காணாமல் போன கோழி திரும்பி வந்ததற்கு ஒரு ஸ்தோத்திரம். கக்கத்துக் கட்டி தானாக உடைந்ததற்கு ஒரு ஸ்தோத்திரம். ரேஷன் கடையில் தன் முறை வரும்வரை கெரசின் தீராமல் கர்த்தர் நிறுத்தி வைத்தார் என்று ஒருமுறை கண்ணீரோடு சொன்னாள். உண்மைதான். கண்ணகியின் டின் நிறைந்ததும் பீப்பாய் காலி. அடுத்து நின்றவள் ராணியம்மாள். அவளுக்கும் சேர்த்து யாரும் ஆமென் சொல்லவில்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் இரண்டு வீட்டுக்காரர்களும் வெள்ளிமலைப் பக்கம் ரோடு போட ஜல்லி உடைக்கப் போனார்கள். மேலே ரோடு போட்டுக்கொண்டிருந்தபோது கீழே ரோடு நின்றுபோனது. தனி இடஒதுக்கீடு கேட்டு ஊர்த்தெரு ஜாதிக்காரர்கள் மறியல். வட மாவட்டங்கள் முழுக்கப் புளியமரங்கள் சாலையில் படுத்துக் கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. மில்லும் மூடிக்கிடந்தது. கண்ணகி முழங்காலில் நின்றாள். மறுநாளே அவள் புருஷன் பழனி காடுமேடெல்லாம் நடந்து வீடு வந்து சேர்ந்தான். ராணியம்மாளின் புருஷன் பூமாலையைக் காணோம். கேட்டதற்கு, காய்ச்சலில் கொட்டகையில் படுத்திருக்கிறான், எழுப்பிப் பார்த்தேன், எழுந்திருக்க முடியவில்லை என்று பழனி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அதற்குப் பிறகு வந்தவர்களில் யாரும் பூமாலையைப் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறானா என்று சொல்லவும் ஆளில்லை.

ஞாயிறு வந்தது. டவுனிலிருந்து பாதிரி ஐயர் வரமுடியாது, வழியெல்லாம் மரம். உபதேசியாரே ஆராதனை நடத்தலாமென்று போனால், ஜெப வீட்டு வாசலின் குறுக்கே ராணியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் வழிவிடச் சொன்னார்.

“எனக்கு ஒரு பதிலு வரட்டும், அப்பறம் எல்லாரும் உள்ள போங்க. ரோட்ட மறிச்சாத்தான் கவருமெண்டு காதுலயே வுழுவுதாம். இவரு மட்டும் இன்னா ஒசத்தி?”

தூக்கி அப்புறப்படுத்த ஜெப வீட்டில் போலீஸ் கிடையாது. உபதேசியார் வெளியே வாதநாராயண மர நிழலில் பாட்டை ஆரம்பித்தார். சபை தெருவைப் பார்த்துப் பாடியது. ராணியம்மாள் உள்ளே இருந்த சிலுவையைப் பார்த்துக் கேட்டாள். பாட்டைவிட அவள் குரல் நன்றாகக் கேட்டது. “அவ புருஷனுக்குக் காலக் குடுத்த, என் புருஷனுக்குக் காய்ச்சலக் குடுத்த. ரெண்டு பேரு ஜெபமும் ஒரே கூர வழியாத்தான மேல வருது? என்னுது வர்ற வழியில மட்டும் மரம் வெட்டிப் போட்டுக்கீதா?” மரம் வெட்டியவர்களின் கை விளங்காமல் போகவேண்டும் என்றும் கையோடு ஒரு விண்ணப்பம் வைத்தாள்.

வெயில் ஏறியது. சபை கலைந்தது. அவள் நிறுத்தவில்லை. கண்ணகி மெதுவாக வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல வருகிறாள், சொன்னால் முகத்தில் துப்பிவிடுவது என்று ராணியம்மாள் தயாராக இருந்தாள்.

“ராணியக்கா, நான் கேட்டா குடுத்துட்டுப் போயிடறாரு. பால்காரரு வாசல்லியே ஊத்திட்டுப் போறாப்பல. உள்ள வந்து குந்தறதில்ல. நீ காலையிலேர்ந்து பேசிக்கினு கீற, அவரும் கேட்டுக்கினு கீறாரு. எங்கிட்ட இவ்ளோ நேரம் நின்னதே இல்லக்கா.”

நக்கலா என்று ராணியம்மாள் திரும்பிப் பார்த்தாள். நக்கல் இல்லை. அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும், தினம் காலையில் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்க்கிற முகம். கண்ணகிக்குப் பொறாமை.

ராணியம்மாளுக்குத் திக்கென்றது. உள்ளே பார்த்தாள். ஒரு மேசை, ஒரு சிலுவை, சுருட்டி வைத்த பாய்கள். காலையிலிருந்து வெறும் அறையோடு இப்படிச் சண்டை போட முடியுமா? ஆள் இருந்தால்தானே? முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அந்நிய ஆண் எதிரில் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தவள்போல. நீட்டிய காலையும் மடக்கிக்கொண்டாள். பதில் எதுவும் வரவில்லை. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. அதில் பூமாலை. எலும்பும் தோலுமாக, ஆனால் கண் திறந்து. காய்ச்சல் விட்டதும் மலையிறங்கி, கச்சிராயபாளையம் பக்கம் சாலையில் கிடந்த முதல் மரத்தருகே விழுந்திருக்கிறான். அந்த மரத்தை வெட்டியவர்களே கட்டிலில் போட்டு, மரத்துக்கு மரம் கைமாற்றித் தூக்கி வந்திருக்கிறார்கள். மற்ற நாளில் இந்தத் தெருப்பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள். உள்ளங்கையில் கோடரிக் கொப்புளம். ராணியம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர்கள் குடித்தார்களா, கை மட்டும் கழுவினார்களா என்பதில் கருணாபுரத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் ராணியம்மாள் எழுந்தாள்.

“எம் புருஷன் வந்துட்டாரு. ஸ்தோத்திரம். ஆனா ஒண்ணு கேக்கணும் ஆண்டவரே. அவனுங்க கை வெளங்காம போவணும்னு நான் சொன்னது உன் காதுல வுழுந்துச்சா இல்லியா? வுழுந்துதான் அந்தக் கையிலியே குடுத்தனுப்புனியா? இன்னா ஆளு நீ?”

உபதேசியார் இது சாட்சியில் சேராது, உட்காரம்மா என்றார். இன்னும் முடியவில்லை என்று அவள் தொடர்ந்தாள். சிரிப்பும் அழுகையுமாக வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

கண்ணகி அன்று எழவேயில்லை. பீப்பாய் காலியானபின் முன்னால் போனவளின் டின்னைப் பார்ப்பதுபோல, பாயில் உட்கார்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.