குளிர்மலைக்கு எதற்கு ஏர்கான்

மலேசியாவின் கேமரன் மலைக் குளிரில் இருந்துகொண்டு காருக்கு ஏர்கான் பழுதுபார்த்தேன் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பல வருஷம் சிரித்தவன் நான்.

எங்கள் எஸ்டேட் துரை வேலையை விட்டு ஊர் திரும்பும்போது எனக்கு விற்றுவிட்டுப் போன கார் அது. எனக்கு அப்போது கல்யாணமான புதிது. கார் அன்றைக்கே பழசு. இன்றைக்கு அதைக் கிளாசிக் என்கிறார்கள். வாங்கிய வருஷமே ஏர்கான் கம்ப்ரசர் கடகடவென்று கத்த ஆரம்பித்தது. இந்தக் குளிருக்கு ஏர்கான் ஒரு கேடா என்று பெல்ட்டைக் கழற்றிக் கடாசினேன். சத்தம் நின்றது. என் சாமர்த்தியத்தைத் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மழை வந்தால் முன்கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொள்ளும். இரண்டு பேர் விடும் மூச்சு போதும், வெள்ளையாகப் படிந்து ரோடு மறைந்துவிடும். ஜன்னலை இறக்கினால் சாரல் மடியில். என் மனைவி பக்கத்து சீட்டில் துண்டோடு உட்கார்ந்து எட்டி எட்டித் துடைப்பாள். துடைத்த இடம் அடுத்த வளைவுக்குள் மறுபடி மூடும். ஒருமுறை எதிரே வந்த காய்கறி லோரி, ஹோன் அடித்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. அன்றோடு மழையில் காரை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். இந்த ஊரில் மழை இல்லாத நாள் எது?

அவளுக்கு இருந்தது ஒரே அக்கா. இதே மலையில், கோலா தெர்லாவில் கீரைத் தோட்டம் போட்டிருந்தார். பஸ் ஏறினால் வளைவுகளில் இவளுக்குக் குமட்டும். என் காரின் முன்சீட்டை விட்டால் வேறு வழி கிடையாது. போன மழைக்காலத்தில் ஒரு மதியம், சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்காவப் பாக்கணும் போல இருக்குங்க. மெல்லமா போலாம் லா. நான் தொடச்சிக்கிட்டே வரேன்."

"பைத்தியமா ஒனக்கு? மழ விடட்டும், போலாம்."

மழை விடவில்லை. அந்த வாரமே, விடிவதற்குள், தூக்கத்திலேயே போய்விட்டாள். அக்கா வந்து பார்த்தது பெட்டியில் கிடந்தவளைத்தான்.

அதற்கப்புறம் எனக்குக் காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பழைய கார்களைச் சேர்க்கும் ஈப்போக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டார். ஏர்கான் ஓடினால்தான் எடுப்பேன் என்றார். ஈப்போவுக்கு இறக்கிப் பட்டறையில் விட்டேன். கம்ப்ரசர் துருவேறி இறுகிப் போயிருந்தது. குழாய்களின் ரப்பர் வளையங்கள் தொட்டால் அப்பளமாக நொறுங்கின. டேஷ்போர்டைப் பிரித்தால் கூலிங் காயில் மேல் எலி கூடு கட்டியிருந்தது. பழைய கேஸ் இப்போது கிடைப்பதில்லை என்று புது கேஸுக்குத் தக்கபடி எல்லாவற்றையும் மாற்றினார்கள். எவனோ குளுகுளுவென்று போக நான் ஏன் அலைகிறேன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கேஸ் கசிகிறதா என்று சில நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார் பட்டறைக்காரர்.

திரும்பி மலையேறும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி வழக்கம்போல மூடியது. என் கை தானாகப் பக்கத்து சீட்டில் துண்டைத் தேடியது. சீட் காலியாக இருந்தது. ஏர்கானையாவது போட்டுப் பார்ப்போம் என்று பொத்தானை அமுக்கினேன். கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து வெள்ளை விலகத் தொடங்கியது. ஒரு வளைவு திரும்புவதற்குள் ரோடு முழுசாகத் தெரிந்தது. ஈரக் காற்றை இழுத்துக் காயவைத்து அனுப்புகிறது அந்தச் சனியன். தேயிலை ஃபேக்டரியில் காலமெல்லாம் இலை காயவைத்தவன் நான். எனக்கு இது தோன்றவில்லையே. காரை ஓரங்கட்டி வாய்விட்டு அழுதேன்.

கோலா தெர்லாவில் அக்கா வீட்டு முன்னால் ஹோன் அடித்தேன். குடையோடு ஓடிவந்தவர் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா தம்பி, இந்த மழையில காடி எடுத்துட்டு வந்திருக்கீங்க?"

"கண்ணாடி இனிமே மூடாதுக்கா. ஏர்கான் செஞ்சிட்டேன்."

குடையை மடக்கிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்கண்ணாடியில் தங்கை துடைத்துத் துடைத்துத் தேய்ந்த இடத்தை விரலால் தொட்டார். காய்ந்திருந்தது.

"இவ்ளோதானா தம்பி?" என்றார்.