கல்யாணத் தரகர் செய்த வெரிஃபிகேஷன்

காலை ஷிஃப்ட் தொடங்கியதும் மலர்விழி என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பொன்னமராவதி பக்கம் எங்கள் கார்மென்ட்ஸ் யூனிட்டில் லைன் சூப்பர்வைசராகச் சேர்ந்து, புரொபேஷனில் இருந்தவர். நான் அங்கே ஹெச்.ஆர். மேனேஜர். அதாவது, யார்மேல் யாருக்குக் கோபம் வந்தாலும் அது கடைசியில் வந்து சேருகிற இடம்.

“சார், எனக்கு ரெண்டாங் கல்யாணம் நிச்சயமாயிருச்சாம். ஊரே பேசுது. மாப்பிள்ளை யாருன்னு ஒங்களுக்காவது தெரியுமா?”

மாப்பிள்ளையைத் தெரியாது. தரகரைத் தெரியும்.

புதிதாகச் சேருகிறவர்களை வெரிஃபை செய்ய ஏஜென்சிகள் இருக்கின்றன. எங்கள் முதலாளி திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். சம்பந்தம் பேசுமுன் ஆள்விட்டு விசாரித்துப் பழகியவர். தங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு விசாரிக்கும் தரகரையே இதற்கும் அமர்த்தினார். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன். என் பேச்சை அவர் ஃபேன் சத்தம்போல எடுத்துக்கொண்டார்.

தரகர் ஆவுடையார்கோவில் பக்கம் மலர்விழியின் ஊருக்குப் போய், டீக்கடையில் உட்கார்ந்து, பொண்ணு எப்படி என்று கேட்டிருக்கிறார். அவருக்கு வேறுவிதமாகக் கேட்கத் தெரியாது. ஊருக்கும் அதை வேறுவிதமாகப் புரிந்துகொள்ள வழியில்லை. சமையல், கோபம், கூந்தல் நீளம் வரை ஊர் தாராளமாகச் சொன்னதோடு, கணவரைப் பிரிந்திருப்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பியது. ‘சம்பந்தம்’ வந்த சேதி, மலர்விழி வேலை பார்க்கும் இடத்தின் பெயரோடு அந்தக் கணவரையும் எட்டிவிட்டது. அவர் எங்கள் ரிசப்ஷனுக்குப் போன்போட்டு, மலர்விழி எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்.

“அவரு அடிச்சதாலதான் இங்கிட்டு வந்தேன். ஆதார், சர்டிஃபிகேட், ரிலீவிங் லெட்டர் எல்லாம் குடுத்திருக்கேன். அதுக்கு மேல தெரியணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல, சார்?”

கேட்டிருக்கலாம். நல்லவேளையாக ரிசப்ஷனில் முகவரி சொல்லவில்லை. இனி அப்படி யார் கேட்டாலும் என் லைனுக்குத் திருப்பச் சொல்லிவிட்டு முதலாளியிடம் போனேன்.

தரகரின் ரிப்போர்ட் ஏற்கெனவே அவர் மேசையில் இருந்தது. அதைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“புருசனோட சேந்து இல்லையாம்ங்க. நாளைக்கு கேட்டுல வந்து நின்னு சத்தம் போடுவான். கன்ஃபர்ம் பண்ண வேணாம்.”

வயது, படிப்பு, முந்தைய வேலை மூன்றும் சரியாக இருப்பதையும், குடும்ப விவகாரத்துக்கும் நம் தையல் லைனுக்கும் தொடர்பில்லை என்பதையும் சொன்னேன். அசையவில்லை. நான் மிகுந்த பணிவுக்கு மாறினேன். எனக்கு அது அபூர்வமாகத்தான் வரும்.

“சரிங்க. ஆடிட்ல எல்லாருக்கும் ஒரே ரூலான்னு கேப்பாங்க. நீங்களும் டைரக்டரா சம்பளம் வாங்குறீங்க. தரகர நாளைக்கு ஒங்க ஊரு டீக்கடைக்கு அனுப்பிரவா?”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“எங்க ஊர்ல அவனவன் வாய்க்கு வந்ததச் சொல்லுவான்ங்க.”

“எல்லா ஊர்லயும் அப்படித்தாங்க.”

ரிப்போர்ட்டை அவரே கிழித்தார். அந்த வாரமே மலர்விழிக்கு கன்ஃபர்மேஷன் ஆர்டர் போனது. இப்போதெல்லாம் யாரிடம் என்ன விசாரிக்கப்போகிறோம் என்று சொல்லி, சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் விசாரிக்கிறோம். இந்தத் துறைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு கேள்வி உங்கள் நாக்கு நுனிக்கு வரும்போது, இந்த வேலைக்கு இது எதற்கு என்று பாருங்கள். பதில் தெரியவில்லையென்றால் விழுங்கிவிடுங்கள். செரிக்கும்.

கணவர் மறுபடியும் போன் செய்தார். இம்முறை நான் எடுத்தேன்.

“அங்க மலர்விழின்னு யாரும் வேலை பாக்குறாங்களா?”

“யாரு வேலை பாக்குறாங்கன்னு நாங்க சொல்றதில்லீங்க.”

“நீங்க யாரு பேசுறது?”

“அதையும் சொல்றதில்லீங்க” என்று வைத்துவிட்டேன்.