கேப்டன் குறித்து வைத்த நாள்

துபாயின் தேரா மீன் மார்க்கெட்டில் வாங்குகிற ஐஸில் மீன் வாடை அடிக்கும். பெட்ரோல் பங்க்கில் பாக்கெட் போட்டு விற்கிற ஐஸ் சுத்தமானது. ஆனால் கிளப்புக்குப் பக்கத்துப் பங்க்கில் நான் அடிக்கடி போய் நாலு பாக்கெட் வாங்கினால், டிரைவருக்கு எதற்கு இத்தனை ஐஸ் என்று ஒருவராவது கேட்டுவிடுவார். அதனால்தான் மீன் மார்க்கெட். கேப்டன் வாடையைப் பற்றி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நீல டிரம்முக்குள் இடது காலை முழங்கால் மூழ்க இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் துபாயில் ஒரு விளையாட்டுக் கிளப்பின் வேன் ஓட்டினேன். பாஸ்கெட்பால் டீமில் ஒரே ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர் உண்டு. அந்த வருஷம் வந்தவர் லித்துவேனியாக்காரர். ஏழு அடிக்கு இரண்டு விரல் குறைவு. வயது முப்பத்தாறு. அங்கே ஆட்டக்காரர்களை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. ஏர்போர்ட்டிலிருந்து முதல் நாள் கூட்டி வரும்போது, லித்துவேனியா என்றால் ரஷ்யாதானே என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கிளப் கொடுத்த வீடு வருகிறவரை மனிதர் வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "ரஷ்யா இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வந்து, இந்தியும் அரைகுறை இங்கிலீஷும் பேசிப் பேசியே கற்றுக்கொண்டவன். கேப்டனுடைய இங்கிலீஷும் அரைகுறைதான். இரண்டு அரையும் சேர்ந்து எங்களுக்கு ஒன்றாகிவிட்டது. அவர் முன் சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, அப்படியும் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க உட்கார்ந்துகொண்டு கதை சொல்வார். அவர்கள் ஊரில் கிறுக்கு என்றால் இந்த ஆட்டம்தானாம். மாட்டுக் கொட்டகைச் சுவரில் அவருடைய அப்பா அடித்துவைத்த வளையத்தில் பனியில் கையுறையோடு பந்து போட்டுப் பழகியவர். நான் ஒரு சொலவடை சொன்னால் அவர் ஒன்று சொல்வார். ஒன்பது தடவை அள, பத்தாவது தடவை வெட்டு என்பது அவருடைய அப்பா சொல்வது. நம்ம ஊர்த் தச்சர்களுக்கு இத்தனை பொறுமை இல்லை என்றேன். எங்கள் ஊரிலும் இல்லை, அதனால்தான் இந்தப் பழமொழி வந்தது என்றார்.

ஜனவரி மாதம் ஒரு நாள் பயிற்சி முடிந்து வேனில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நான் இறங்கிப் போய்த் தோளைக் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னார். இடது முழங்காலில் ஏற்கெனவே இரண்டு ஆபரேஷன், இப்போது உள்ளே எலும்போடு எலும்பு உரசுகிறது. வீட்டில் ஐஸ் வைக்க முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் கோச் குடியிருக்கிறார். கோச் அவருக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம், எதிரெதிராக ஆடிப் பிறகு நண்பரானவர். நண்பராக இருந்தாலும் கோச் கோச்தானே என்றார்.

அப்படித்தான் அல் குசைஸில் எங்கள் ரூமுக்கு வர ஆரம்பித்தார். எட்டுப் பேர் இருக்கிற ரூம், அடுக்குக் கட்டில். முதல் நாள் வாசல் நிலைக்குக் குனிந்து உள்ளே வந்தவரைப் பார்த்து ஏசி மெக்கானிக் தம்பி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டான். அறந்தாங்கிக்காரன், எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி வைத்திருப்பான். கேப்டன் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்தும் தலை மேல்கட்டிலில் முட்டியதைப் பார்த்து, "அண்ணே, யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு சும்மாவா சொன்னாங்க" என்றான். என்ன சொல்கிறான் என்று கேப்டன் கேட்டார். நான் கையால் யானையும் குதிரையும் காட்டி விளக்கினேன். டிரம்மில் தண்ணீர் தளும்புகிற அளவுக்குச் சிரித்தார். அதற்கப்புறம் எங்கள் சாம்பாரைக் கோப்பையில் ஊற்றி சூப் மாதிரிக் குடிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மற்றவர்கள் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். ஐஸில் காலை வைத்துக்கொண்டு, எப்படி எப்படி ஒவ்வொரு கிளப்பையும் விட்டார் என்று வரிசையாகச் சொன்னார். போலந்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் போனால் அவருடைய அலமாரியில் வேறு ஒருவனுடைய சட்டை தொங்குகிறது. ஜெர்மனியில் போனில் சொன்னார்கள். சைப்ரஸில் கிளப்பையே மூடிவிட்டார்கள். லெபனானில் மேட்ச் முடிந்து குளித்துவிட்டு வருவதற்குள் டிக்கெட் தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, சொந்த நாட்டு டீம். பதினாலு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், போகப்போவது பன்னிரண்டு பேர். காலையில் ஓட்டல் சாப்பாட்டு ஹால் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. கையில் முட்டைத் தட்டோடு நின்று படித்தாராம். அவர் பெயர் இல்லை. "அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். உட்கார்ந்து முட்டையைச் சாப்பிட்டேன் என்றார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லா இடத்திலும் என்னை நிறுத்தினது வேற யாரோ. இந்த ஒரு தடவை நானே நிறுத்தணும். ஏப்ரல்ல கடைசி மேட்ச். அன்னைக்கு நான் சொல்வேன். அதுவரைக்கும் உனக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்கு அது புரிந்த மாதிரி அவருடைய நாட்டுக்காரருக்குக்கூடப் புரிந்திருக்குமா, தெரியாது. எங்களுக்குக் கேன்சல் என்கிற வார்த்தை போதும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். விசா கேன்சல், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள், நாளைக்கு பிளைட். நான் பார்த்து அந்த ரூமிலிருந்து போனவர்களில் ஒருவர்கூடத் தன் நாளைத் தானே குறித்துக்கொண்டு போனதில்லை. ஒருவராவது அப்படிப் போகட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் மாதம் எங்கள் முதீரை, அதாவது கிளப் மேனேஜரை, அபுதாபியில் ஒரு மீட்டிங்குக்குக் கூட்டிப் போனேன். உள்ளூர்க்காரர், நல்ல மனிதர், இந்தி சரளமாகப் பேசுவார். வழி முழுக்க டீமிலிருக்கிற உள்ளூர்ப் பையன்களைப் பற்றிக் குறைதான். ஒருவனுக்குத் தலைவலியாம், ஒருவனுக்குச் சளியாம், பயிற்சிக்கு வருவதே இல்லை, இந்தக் காலத்தில் எவனுக்கும் நெஞ்சில் உரம் இல்லை என்று புலம்பிக்கொண்டு வந்தார். எனக்கு நாக்கு அரித்தது. நம்ம ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லலாமே என்று தோன்றியது. கேப்டன் அப்படி இல்லை சார், முழங்காலை ஒன்றரை மணி நேரம் ஐஸில் போட்டு உட்கார்ந்திருப்பார், மேட்ச் அன்றைக்கு இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவார், ஆம்பளை என்றால் அவர்தான் என்று அளந்துவிட்டேன். ஐஸ் வாங்கிக் கொடுப்பதே நான்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

முதீர் என் பக்கம் திரும்பினார்.

"கோன்ஸா பேர்?" என்று கேட்டார். எந்தக் கால் என்று.

அவர் குரலில் கோபம் இல்லை, அக்கறைகூட இருந்தது. "இடது கால் சார்" என்றேன். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வலது என்று சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, ஆனால் இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை மனதுக்குள் வலது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரமே டாக்டர், ஸ்கேன், பேப்பர். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. கிளப் பக்கம் நின்று பார்த்தால் முதீர் செய்ததில் தப்பும் இல்லை, டீமில் இருக்கிறது ஒரே ஒரு வெளிநாட்டு இடம். வேறொரு ஆட்டக்காரரை வரச்சொல்லிவிட்டார்கள். கேப்டனுக்கு விசா கேன்சல். ஏப்ரல் மேட்சுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். காலை பத்து மணி இருக்கும். கர்ஹூத் பாலம் தாண்டும்போது, "அவன்தான் சொல்லியிருக்கான். பக்கத்து வீடு. நான் நடக்கிறதைச் சுவர் வழியாவே கேட்டிருப்பான்" என்றார். கோச்சைச் சொல்கிறார். காலையில் கோச் கை கொடுக்க வந்தபோது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் சொன்னேன், கேப்டன்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஏர்போர்ட் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தேன், பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன, போலீஸ்காரர் யல்லா யல்லா, வண்டியை எடு என்று கையைக் காட்டினார். போலீஸ்காரர் ஒன்றும் என் வாயைப் பொத்தவில்லை. நான் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன். கேப்டன் என் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு இடது காலை இழுத்து இழுத்து உள்ளே போனார். இப்போது மறைக்க வேண்டியதில்லையே, நன்றாகவே நொண்டினார்.

நாலு நாள் கழித்துக் கோச் வேனில் தனியாக வந்தார். அவன் ஏன் என்னோடு பேசாமல் போனான், உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். அவர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு வந்தார். பந்துக்கு எம்பிவிட்டு அவன் இடது காலை ஊன்றி இறங்குவதில்லை என்பதை ஜனவரியிலேயே பார்த்துவிட்டாராம். அவருடைய ஆட்டமும் முழங்காலால் நின்றதுதான், அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அதுவரைக்கும் பயிற்சியில் அவனைக் குறைவாக ஓடவிட்டார், மேட்சில் நடுநடுவே உட்கார வைத்தார். "ஏப்ரல் வரைக்கும் போதும்னு நினைச்சேன்" என்றார்.

மூன்று மாதம் ஒரு மனிதர் பார்த்தும் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் கொட்டிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்வார்கள். தவளைக்காவது நியாயம் இருக்கிறது, அது தன் வாயால் தானே கெடுகிறது.

அந்த வருஷக் கடைசியில் கேப்டன் போன் பண்ணினார். அவருடைய ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாராம். ரூமில் ஒவ்வொருத்தரையும் விசாரித்தார், அறந்தாங்கித் தம்பியின் கல்யாணம் வரை. பிறகு கொஞ்சம் தயங்கி, "இங்க எல்லார்கிட்டயும் நானே நிறுத்திட்டேன்னு சொல்லியிருக்கேன். யாராவது கேட்டா நீயும் அப்படியே சொல்லு" என்றார். சரி கேப்டன் என்றேன். பிறகு துணிந்து, "கோச் நல்லவர், கேப்டன்" என்று ஆரம்பித்தேன். அவனைப் பற்றிப் பேசாதே என்றார். பேச்சை மாற்ற எனக்கா சொல்லித்தர வேண்டும், உடனே தம்பியின் மாமனார் கதையை எடுத்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

வருஷத்துக்கு ஒரு தடவையாக இன்னும் இரண்டு மூன்று போன் வந்தது. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுப்பேன். சொல்லியிருந்தால் பன்னிரண்டு வருஷ நண்பர் அவருக்குத் திரும்பக் கிடைத்திருப்பார். எனக்கு அவருடைய போன் வருவது நின்றுபோயிருக்கும். இரண்டையும் எடை போட்டு நான் எதை வைத்துக்கொண்டேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. பிறகு நான் வேலை மாறி ஓமனில் சோஹாருக்குப் போனேன், நம்பர் மாறியது. புது நம்பரை அவருக்குக் கொடுக்கவில்லை.