கலியன் சாரின் வடதுருவக் கோப்பு

கல்கத்தா துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர் கலியன். உலகத்துக் கப்பல்களெல்லாம் கிடர்பூர் வரைக்கும் வந்து, அவரிடம் காகிதங்களைக் காட்டிவிட்டுப் போயின. பதில் மரியாதைக்குத் தானும் ஒரு நாட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மனைவி சுந்தரவல்லி நச்சரித்ததில் ஒரே ஒரு தடவை ஒரிசாவிலுள்ள பூரிக்குப் போனார். கடற்கரையில் மணல் அதிகமாக இருக்கிறது என்று குறை சொல்லி, இரண்டாம் நாளே ரயிலேறிவிட்டார்.

அப்படிப்பட்டவர் நார்வே போகத் தீர்மானித்ததற்கு, ஓய்வு பெற்ற துறைமுகத் தமிழர்கள் ஜனவரியில் நடத்திய பிக்னிக்தான் காரணம். அவரோடு வேலை பார்த்த நடராஜன், சுவிட்சர்லாந்தில் மகன் வீட்டுக்குப் போய்வந்த படங்களை போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மைனஸ் நாலு டிகிரி சார். உங்களுக்கெல்லாம் தாங்காது" என்றார் நடராஜன்.

அன்றைக்குக் கல்கத்தாவில் பதினாறு டிகிரி. கலியன் மங்கி கேப், மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர் சகிதம் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலு பேர் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கலியன் கேப்பை வாய்க்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அறிவித்தார்:

"நாங்க அடுத்த வருஷம் நார்வே போறோம். நார்தர்ன் லைட்ஸ் பாக்க. மகன் வீட்டுல போயி ஒண்டிக்கிற மாதிரி இல்ல. லக்ஷுரி டூர்."

கேட்டு அதிர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நடராஜன். இன்னொருவர், பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சுந்தரவல்லி.

"என்னங்க, நெசமாவா?" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"சொல்லியாச்சுல்ல" என்றார் கலியன்.

திங்கட்கிழமை கோப்பு திறக்கப்பட்டது. பச்சை அட்டை, வெள்ளை நாடா, மேலே பெரிய எழுத்தில் 'வடக்கு வெளிச்சம்'. பவானிபூர் வீட்டின் சாப்பாட்டு மேஜை அலுவலகமாக மாறியது. சாப்பாடு கட்டிலுக்குப் போனது. சுந்தரவல்லி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கும் சொந்தமாக பென்ஷன் உண்டு, சொந்தமாகக் கருத்தும் உண்டு. ஆனால் இந்தக் கோப்பில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட பதவி, நகல் எடுத்து வருவது.

ஜதுபாபு பஜார் பக்கம் டிராவல் ஏஜென்சி வைத்திருந்த தபன் பாபுவிடம் இருவரும் போனார்கள். அவர் வங்காளமும் இந்தியும் கலந்து பேசினார். கலியன் ஆபீஸ் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். கண்ணாடிக் கூரை போட்ட அறை, படுத்தபடியே வானம், கம்பளி போர்த்திய மான் வண்டி என்று தபன் பாபு பளபளவென்று ஒரு புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்.

"வெளிச்சம் எத்தனை மணிக்கு வரும்?"

"சொல்ல முடியாது சார். பத்துலேருந்து ரெண்டு மணிக்குள்ள வரலாம்."

"நான் ஒன்பதரைக்குப் படுத்துடுவேன். கொஞ்சம் முன்னாடி ஏற்பாடு பண்ண முடியுமா?"

தபன் பாபு சுந்தரவல்லியைப் பார்த்தார். அவள் புத்தகத்தைப் பார்த்தாள்.

"வந்தே தீரும்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"சார், ஆகாசம் என் கையில இல்லையே."

"அப்புறம் எதுக்கு அதுக்கு அஞ்சு நட்சத்திர ரேட்டு?"

தபன் பாபு டீ வரவழைத்தார். அடுத்த நாலு மாதத்தில் அவர் கலியனுக்காக இருபத்துமூன்று டீ வரவழைத்தார். பயணத் திட்டம் ஏழு முறை திருத்தப்பட்டது. மான் வண்டியில் சாய்மானம் உண்டா, ஹோட்டலில் வாளியும் மக்கும் இருக்குமா, சாம்பார் பொடியைப் பார்த்துச் சுங்கக்காரர்கள் சந்தேகப்படுவார்களா என்ற கேள்விகளெல்லாம் நார்வே வரை போய்ப் பணிவான பதில்களோடு திரும்பி வந்தன. இருவருக்கும் புது பாஸ்போர்ட்டும் வந்து சேர்ந்தது.

மிச்சம் இருந்தது குளிர் ஒன்றுதான். மைனஸ் பதினெட்டு வரை போகும் என்று தபன் பாபு சொல்லியிருந்தார். ஒத்திகை பார்க்காமல் எதிலும் இறங்குவது கலியனுக்குப் பழக்கமில்லை. கிடர்பூர் பக்கம் இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் மேனேஜராக இருந்த மது, தூத்துக்குடிக்காரர், பழைய பழக்கம். உள்ளே சரியாக மைனஸ் பதினெட்டு. விஷயத்தைக் கேட்டதும் அவர் இரண்டு தடவை, "கெடங்குக்குள்ளயா சார்?" என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

மே மாதம், வெளியே முப்பத்தெட்டு டிகிரி. மதுவின் அறையில் கலியன் உள்ளாடை மேல் உள்ளாடை, அதன் மேல் கம்பளி, அதன் மேல் விண்வெளிக்குப் போகிறவர் போல ஒரு ஜாக்கெட் என்று அடுக்கிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலே மங்கி கேப். பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிப்பதற்குள் தலை முதல் கால் வரை வேர்த்து ஊற்றியது. சுந்தரவல்லி கதவுக்குப் பக்கத்தில் போய்த்தான் ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டாள்.

உள்ளே போனார்கள். ஈர உடம்போடு மைனஸ் பதினெட்டில் நின்றால் என்ன ஆகும் என்பது கோப்பில் எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. நாலாவது நிமிடம் கலியனின் பற்கள் தந்தியடித்தன. ஏழாவது நிமிடம் அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கதவு உள்ளேயிருந்து தள்ளினாலே திறக்கும் என்று மது ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

வெளியே கொண்டுவந்து வெயிலில் உட்காரவைத்து, கையில் டீயைக் கொடுத்தார்கள்.

"வல்லி எங்க?"

"அம்மா உள்ளதான் இருக்காங்க சார். எறால் எத்தன வகைன்னு கேட்டுக்கிட்டிருக்காங்க."

இருபத்தைந்து நிமிடம் கழித்து அவள் வந்தாள். புருவத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. முகம் பத்து வயது குறைந்தவளுடையது போல இருந்தது.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

"ஜாக்கெட் சரியில்ல" என்றார் கலியன்.

அன்று மாலையே கோப்பில் கடைசிக் குறிப்பு எழுதப்பட்டது: 'ஒத்திவைக்கப்படுகிறது.' வாட்ஸ்அப் குழுவுக்கு இன்னும் கௌரவமான காரணம் அனுப்பப்பட்டது. சூரியனில் புள்ளிகள் குறைந்துவிட்டனவாம். இப்போது போனால் வெளிச்சம் தரமாக இருக்காதாம். நடராஜன் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் போட்டார். அந்தக் கட்டைவிரலைக் கலியன் ஒரு வாரம் மறக்கவில்லை.

கீழ் வீட்டு மாலாவை எல்லோரும் வங்காள வழக்கப்படி பௌதி, அதாவது அண்ணி, என்றே கூப்பிடுவார்கள். அவர் ஒரு நாள் மாடியேறி வந்தார். வருடத்துக்கு ஒரு முறையாவது எங்கேயாவது மலையேறாவிட்டால் காய்ச்சல் வந்துவிடும் அந்த அம்மாவுக்கு. "தீதி, பிப்ரவரியில நாங்க நாலு பேர் நார்வே போறோம். தபன் பாபுதான் ஏற்பாடு. லக்ஷுரி எல்லாம் இல்ல, ஹாஸ்டல் மாதிரி அடுக்குக் கட்டில்தான். ஒரு கட்டில் காலியா இருக்கு" என்றார், கலியன் முன்னாலேயே.

"நான் வர்றேன்" என்றாள் சுந்தரவல்லி.

பௌதி போன பிறகு கலியன் கோப்பை எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

"இத நான் இன்னும் அப்ரூவ் பண்ணலயே."

"அது ஒங்க கோப்புங்க. எனக்கு கோப்பு கெடையாது. பாஸ்போர்ட் மட்டுந்தான் இருக்கு" என்றாள். கணக்கு டீச்சரின் குரல் அது. வகுப்பில் மறு கேள்வி கேட்க யாருக்கும் தைரியம் வராத குரல். விசாவுக்கு விண்ணப்பித்தாள். தன் சேமிப்பிலிருந்து தபன் பாபுவுக்குப் பணம் கட்டினாள். தபன் பாபு அவளிடம் ஒரே ஒரு டீயோடு வேலையை முடித்துக்கொண்டார்.

பிப்ரவரியில் அவள் கிளம்பிப் போனாள். ஒன்பது நாள் கலியன் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். அது ரசம்தான் என்று அவர் ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மூன்று நாளும் அங்கே மேகம் என்று செய்தி வந்தது. அவருக்கு உள்ளூரத் தெம்பாக இருந்தது. நாலாம் நாள் காலை காபி குடிக்கிற நேரத்துக்குப் போன் வந்தது.

"பாத்தோங்க. மொதல்ல சாம்பல் நெறத்துல பொகை மாதிரித்தான் தெரிஞ்சுது. போன்லதான் பச்சையா விழுந்துச்சு."

"நான் அப்பவே சொன்னேன். எல்லாம் கேமரா வேலை."

"இருங்க, சொல்லி முடிக்கல. அப்புறம் திடீர்னு..." என்றவள் நிறுத்திவிட்டாள். "மாலா பௌதி அழுதுட்டாங்க" என்றாள் கடைசியில். தானும் அழுதாளா என்று அவர் கேட்கவில்லை. சாம்பார் பொடி போதுமான அளவு இருக்கிறதா என்று கேட்டார்.

டம்டம் விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் நின்றார். டாக்சியில் வீடு வருகிற வரைக்கும் கேஸ் சிலிண்டர் மாற்றியதையும், தண்ணீர்த் தொட்டி வழிந்ததையும், பௌதியின் கணவர் மித்ரா தாதா தினமும் வந்து ரேடியோவைச் சத்தமாக வைத்ததையும் வரிசையாக ஒப்பித்தார். அவள் 'ம்' கொட்டினாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் படுத்துத் தூங்கிவிட்டாள்.

கலியன் அவள் போனை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நானூறு படம் இருந்தது. பச்சை, பச்சை, மங்கலான பச்சை, யாரோ ஒருவரின் கையுறை, மறுபடி பச்சை. நடுவில் ஒரு படத்தில் சுந்தரவல்லி இருந்தாள். பௌதி எடுத்திருக்க வேண்டும். தலையை அண்ணாந்து, வாயை முழுக்கத் திறந்து, கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் அந்தப் பல்வரிசையை அவர் அவ்வளவு முழுசாகப் பார்த்ததில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முகம் மட்டும் திரையில் நிற்கும்படி நகர்த்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, படத்தில் பனித்தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

"போனை நேராப் பிடிக்கத் தெரியல இந்தப் பௌதிக்கு" என்றார், தூங்குகிறவளிடம், மெதுவாக.